புழுவுக்கு மூன்று நாள் விருந்து

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால் காவளநாட்டை மழுவேந்தன் என்றொரு ராஜா ஆண்டார். சரியாகச் சொன்னால், நாட்டை ராஜா ஆண்டார். ராஜாவை அவரைக்காய் ஆண்டது. காலையில் பொரியல், மதியம் கூட்டு, தூக்கத்தில் அவரைப்பந்தல் கனவு!

அந்த வருஷம் பந்தலில் அசுவினி விழுந்தது. கறுப்பு எள்ளைக் கொட்டினது மாதிரி கொழுந்தெல்லாம் பூச்சி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சியது. ராஜாவின் இலையில் பொரியல் குறைந்தது.

இதற்காகவே காத்திருந்தார் தோட்ட அதிகாரி கங்கைராயர். "அங்காயி கைக்கு ஈடு உண்டா!" என்று ராஜா தோட்டக்காரியைப் புகழும்போதெல்லாம் இவர் மீசை துடிக்கும். இப்போது ஒரு வெற்றிலையில் புழு ஒன்றை ஏந்திக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே அங்காயியும் வந்து நின்றாள்.

"அகப்பட்டாள் மகாராஜா! பந்தல் முழுக்க இந்தப் புழுதான். நசுக்கச் சொன்னால், 'தொடாதீங்க சாமி' என்று என்னையே தடுக்கிறாள். கொழுந்து தின்னும் புழுவை வளர்க்கிறாள்!"

ராஜா குனிந்து பார்த்தார். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம். பச்சைக் கூழை வழித்துவிட்டது போல உடம்பு. காலில்லை, கண்ணில்லை. ஒரு முனை தடிப்பு, ஒரு முனை கூர்.

"இதில் தலை எங்கேயம்மா?"

"கூரா இருக்கே, அதுதான் மகாராஜா" என்றாள் அங்காயி.

"தலையே இல்லாத மாதிரி ஒரு தலை! இதுவா என் அவரையைத் தின்றது? மொட்டையடித்து நாடு கடத்துங்கள்... புழுவை இல்லை, இவளை! உன் பக்கம் சாட்சி உண்டா?"

காவளநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றவாளி காட்டும் சாட்சிக்கு, குற்றம் சாட்டியவர்தான் மூன்று நாள் விருந்து வைக்க வேண்டும். சாட்சி பட்டினியால் செத்தால் தண்டனை அவருக்கே.

அங்காயி வெற்றிலையைக் காட்டினாள். "இதுதான் என் சாட்சி."

சபை குலுங்கியது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் ராயர். "ரெண்டு கொழுந்து போட்டால் விருந்து முடிந்தது!"

போட்டார். கழுவித் துடைத்த இளங்கொழுந்து. புழு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூ வைத்தார், பால் வைத்தார், நெய் விட்ட பருப்புசாதம் வைத்தார். ம்ஹூம்! இரண்டாம் நாள் புழு சுருங்கத் தொடங்கியது.

"ஏங்க, உங்க தலையில இருக்கிறதே நாலு முடி. அதையும் வழிச்சிடுவாங்களே!" என்று ராயரின் மனைவி அலறினாள்.

ராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புழுவைப் பிடித்த அதே கொடிக்கு ஓடினார். கழுவ ஏது நேரம்? அசுவினி மொய்த்த கொழுந்தை அப்படியே ஒடித்துவந்து போட்டார்.

புழு கூர்முனையை நிமிர்த்தி இப்படி ஆட்டியது, அப்படி ஆட்டியது. ஒரு அசுவினி மேல் பட்டதும் லபக்கென்று கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, இளநீர் குடிப்பது போல உறிஞ்சியது. வெறும் தோலைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடியது.

"சாப்பிடுது! என் ராசா, இன்னொன்னு சாப்பிடுப்பா!" ராயர் ஆனந்தத்தில் குதித்தார்.

மூன்றாம் நாள் சபை கூடியது. புழு கொழுகொழுவென்று இருந்தது.

"விருந்தில் குறை வைக்கவில்லையே?" என்றார் ராஜா.

"குறையா? என் வீட்டிலா?" ராயர் மீசையை முறுக்கினார்.

அங்காயி மெதுவாகக் கேட்டாள். "கொழுந்து போட்டீங்களா சாமி?"

"இளசாகப் பார்த்துப் போட்டேன்! உன் சாட்சிக்கு என்ன திமிர்! ஒரு கடி கடிக்கவில்லையே!"

"அப்புறம்?"

"அப்புறம் அசுவினி! நேற்றிலிருந்து நூறு இருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி..."

அங்கேயே ராயரின் குரல் காற்றுப் போன துருத்தி ஆனது.

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். "சாட்சி வாயைத் திறந்தது தின்ன மட்டும்தான். மிச்சத்தை நீரே சொல்லிவிட்டீர்! அங்காயி, இனி தோட்டத்துக்கு நீதான் அதிகாரி. ராயரே, சாட்சி தானாகக் கிளம்பும்வரை விருந்து உம்முடையது!"

புழு இன்னும் இரண்டு நாள் தின்று, ஒரு துளி போலக் கூடாகச் சுருண்டது. ராயர் கூட்டைத் தினமும் சபைக்குச் சுமந்துவந்தார். பத்தாம் நாள் கூடு திறந்தது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு ஈ எழுந்து, ராயரின் மூக்குக்கு நேரே அந்தரத்தில் அசையாமல் நின்றது.

"ஐயோ, குளவி!" ராயர் சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்தார்.

"கொட்டாது சாமி. இது வெறும் பூ ஈ" என்றாள் அங்காயி. "இத்தனை நாள் சோறு போட்டீங்களே, சொல்லிட்டுப் போக வந்திருக்கு."

அடியிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து கும்பிட்டன.

"போயிட்டு வாங்க!"