இடுக்கில் மாட்டிய சுருளிக் கீரி

நாவல்காட்டுக் குளத்துக்குப் போகும் பாதையில் சுருளி என்ற கீரியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எல்லோரும் பார்த்தது அதன் வாலைத்தான். அவ்வளவு வேகம்! எருமையின் வயிற்றுக்கு அடியில் புகும். யானையின் கால்களுக்கு நடுவே பாயும். ஆமையின் முதுகில் ஒரு மிதி மிதிக்கும். "யாரது?" என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள், குளக்கரையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அந்தப் பாதையில் இவ்வளவு கூட்டம் இல்லை. சுற்றியிருந்த காடுகளில் தண்ணீர் வற்றியதும் மான்கள் வந்தன. பன்றிகள் குட்டிகளோடு வந்தன. எருமைகள் மந்தையாக வந்தன. ஆள் குடியேறாத பொந்து இல்லை, வளை தோண்டாத புதர் இல்லை என்றாகிவிட்டது. காடு பெருத்துவிட்டது. பாதை மட்டும் அகலமாகவில்லை.

குளத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பெரிய பாறைகள் எதிரெதிரே நின்றன. நடுவில் ஓர் இடுக்கு. அதற்குள் ஒரு யானை நுழைந்தால் எதிரே ஒரு மான்கூட வர முடியாது. பாறைகளோ பாசி பிடித்து வழுக்கும். ஏறிக் கடக்கவும் வழியில்லை.

ஆகவே மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தன. பாறையை ஒட்டிய அத்திமரத்தில் இருவாச்சிப் பறவை உட்காரும். அது ஒரு முறை குரல் கொடுத்தால் குளத்துக்குப் போகிறவர்கள் போகலாம். இரண்டு முறை கொடுத்தால் திரும்பி வருகிறவர்கள் வரலாம். தன் முறை வரும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

சுருளிக்கு நிற்பது என்றாலே ஆகாது.

"இந்தச் சட்டமெல்லாம் உடம்பு பெருத்தவங்களுக்கு! நான் என்ன இடத்தையா அடைக்கிறேன்?" என்றது.

"சுருளி, நில்லு! எதிரே எருமைங்க வருது!" என்று மரத்திலிருந்து கத்தும் இருவாச்சி.

"வரட்டுமே! அதுங்க காலுக்கு நடுவுல எனக்கு ராஜபாட்டை இருக்கு!"

மனைவி மாயக்காவும் சொல்லிப் பார்த்தது. "என்னைக்காவது ஒருநாள் மிதிபடப் போறீங்க!"

"என்னை மிதிக்கிற கால் இன்னும் முளைக்கலை, மாயக்கா!"

இதை ஒரு முயல் பார்த்துக்கொண்டே இருந்தது. 'கீரி போகலாம், நான் போகக்கூடாதா?' என்று அதுவும் ஒருநாள் புகுந்தது. 'முயலே போகுது, நான் நிக்கணுமா?' என்று நரி புகுந்தது. "நரிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்று உறுமிக்கொண்டு பன்றி புகுந்தது. கடைசியில் இருவாச்சி குரல் கொடுத்தால், "நல்லாப் பாடுதே!" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். பாவம், அதற்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பார்த்து அதிகமாக எரிச்சல்பட்டது சுருளிதான். "என்ன ஜனங்களோ! ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எருமை வயிற்றுக்கடியில் புகுந்து போகும்.

ஒருநாள் காலை. சுருளியின் குட்டி மகள் பூவாயி ஒரு தேனீயைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தது. தேனீ பூவுக்குள் போனது. பூவாயி பூவோடு சேர்த்து வாயில் கவ்வியது. தேனீ சும்மா இருக்குமா? தொண்டைக்குள்ளேயே ஒரு கொட்டு!

கொஞ்ச நேரத்தில் பூவாயியின் தொண்டை வீங்கியது. மூச்சு விசில் அடிப்பதுபோல் வந்தது.

"ஐயோ! குளக்கரை நீர்நாய் வைத்தியர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க!" என்று மாயக்கா அலறியது.

சுருளி மகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. "கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா!" பாய்ந்து ஓடியது. இடுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

இடுக்கின் நடுவில் இரண்டு பன்றிகள் மூக்கோடு மூக்கு மோதி நின்றன. ஒன்று குளத்துக்குப் போகிற பன்றி. இன்னொன்று குளத்திலிருந்து வருகிற பன்றி. போகிற பன்றிக்குப் பின்னால் எருமைகள், மான்கள், எல்லோருக்கும் கடைசியில் ஒரு யானை. வருகிற பன்றிக்குப் பின்னாலும் அதே அளவு கூட்டம். இடையில் சிக்கிய முள்ளம்பன்றி பயத்தில் முட்களை விரித்துவிட்டது. அதன் பக்கத்தில் நின்றவர்களால் நகரவும் முடியவில்லை, நகராமல் இருக்கவும் முடியவில்லை!

"வழி விடுங்க! என் பொண்ணுக்கு மூச்சு முட்டுது!" என்று சுருளி கத்தியது.

எல்லோரும் "வழி விடு! வழி விடு!" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் சுருளியின் குரல் யார் காதில் விழும்?

வழக்கம்போல எருமையின் வயிற்றுக்கடியில் புகப் பார்த்தது. அங்கே முயல்கள் மூட்டை கட்டினதுபோல் அடைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து நரி தலையை நீட்டியது.

"அட, சுருளி அண்ணனா! இது உங்க வழிதான் அண்ணே. உங்களைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டோம்! ஆனா இப்ப இம்மி இடம்கூட இல்லையே!"

நரி குத்திக்காட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னது. அதுதான் சுருளிக்குச் சுருக்கென்று தைத்தது.

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது. "நீயாவது குரல் கொடேன்!"

"கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி ஆயிட்டேன்" என்று கரகரத்தது இருவாச்சி. "கொடுத்தாலும் யார் கேக்கறா? நீ என்னைக்காவது கேட்டியா?"

சுருளி தலைகுனிந்தது. கழுத்தைப் பிடித்திருந்த பூவாயியின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. முட்டி மோதி நுழையலாமா என்று ஒரு கணம் நினைத்தது. ஆனால் முன்னால் முட்ட முட்ட அடைப்பு இன்னும் இறுகத்தான் செய்யும். பன்றிகள் நினைத்தாலும் பின்வாங்க இடமில்லை. இந்த முடிச்சைக் கடைசியிலிருந்துதான் அவிழ்க்க வேண்டும்!

சுருளி வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தின் கடைசிக்கு ஓடியது.

"யானையக்கா, கொஞ்சம் பின்னால வாங்க!"

"நான் எதுக்கு வரணும்? முன்னால நிக்கிறவங்களை நகரச் சொல்லு!"

"அவங்க நகர இடமில்லை அக்கா. அவங்களுக்குப் பின்னால நீங்கதான் நிக்கிறீங்க!"

யானைக்குக் கோபம் வந்தது. "தினமும் என் காலுக்கு நடுவுல ஓடறவன், நீயா எனக்குப் புத்தி சொல்றே?"

"நான்தான் அக்கா! தப்புத்தான். என்னை அப்புறமா மிதிச்சுக்குங்க. இப்பக் கொஞ்சம் பின்னால வாங்க!"

யானை குனிந்து பார்த்தது. கீரியின் முதுகில் துவண்டு கிடந்த குட்டியைக் கண்டதும் மறுபேச்சில்லாமல் பின்வாங்கியது. பிறகு சுருளி மான்களிடம் ஓடியது. எருமைகளிடம் ஓடியது. ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். முயல்கள் உருண்டு வெளியே விழுந்தன. இடம் கிடைத்ததும் முள்ளம்பன்றி முட்களை மடக்கிக்கொண்டு வெளியேறியது.

குளத்துக்குப் போகிற பன்றி மட்டும் அசையவில்லை. "நான் பின்வாங்கினா, எதிரே நிக்கிற பன்றி ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே!"

"நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு காடு முழுக்க நானே சொல்றேன் அண்ணே!"

பன்றி யோசித்தது. "சத்தமாச் சொல்லணும்!" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தது.

இருவாச்சி இருந்த சக்தியையெல்லாம் திரட்டி இரண்டு முறை குரல் கொடுத்தது. இடுக்கை அடைத்திருந்த எதிர்க்கூட்டம் முதலில் வெளியே வந்தாக வேண்டும். சுருளி ஓரமாக ஒதுங்கி நின்றது. மகளின் மூச்சு காதோரம் இழுத்து இழுத்து வந்தது. கால்கள் ஓடத் துடித்தன. ஆனாலும் நின்றது.

கடைசி மான் வெளியே வந்ததும் யானை தும்பிக்கையைக் குறுக்கே நீட்டி மற்றவர்களைத் தடுத்தது. "யாரும் அசையக்கூடாது! சுருளி, நீ போ!"

சுருளி பறந்தது. யாரும் இல்லாத அந்த இடுக்கு இவ்வளவு அகலமா என்று அதற்கே ஆச்சரியமாக இருந்தது!

நீர்நாய் வைத்தியர் கொடுக்கைப் பிடுங்கி எடுத்தது. பச்சிலைச் சாற்றைத் துளித்துளியாகத் தொண்டையில் விட்டது. "நல்ல வேளை, வந்து சேர்ந்தே!" என்றது.

வீக்கம் மெதுவாக வடிந்தது. பூவாயி கண்ணைத் திறந்தது.

"அப்பா, தேனீ இனிப்பாவே இல்லை!"

சுருளி சிரித்தது. சிரிக்கும்போதே அழுதது.

அன்று மாலையே, சொன்ன சொல் தவறாமல், "பன்றி அண்ணன்தான் ஜெயிச்சாரு!" என்று காடு முழுக்கச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தது.

மறுநாள் காலை சுருளி இடுக்குக்கு வந்தபோது பாதையில் ஈ, காக்கை இல்லை. இருவாச்சி இன்னும் குரல் கொடுக்கவில்லை. சுருளி நின்றது. காட்டுக்குப் புதிதாக வந்த ஒரு காட்டுக்கோழி பின்னால் வந்து சேர்ந்தது.

"எதிரே யாருமே இல்லையே! ஏன் நிக்கிறீங்க? போக வேண்டியதுதானே?"

"குரல் வரட்டும்."

"யாரு பார்க்கப் போறா?"

"நீ பார்க்கிறியே!" என்றது சுருளி.

காட்டுக்கோழி வெறும் பாதையைப் பார்த்தது, சுருளியைப் பார்த்தது. பிறகு அதுவும் சிறகை மடித்துக்கொண்டு சுருளிக்குப் பின்னால் நின்றது.

பொது வழியில் ஒருவர் ஒழுங்கை மீறினால் பார்த்த எல்லோரும் மீறுவார்கள், கடைசியில் அவருக்கே அவசரம் வரும்போது வழி இருக்காது. ஆகவே யாரும் தடுக்காதபோதும் முறையோடு நடப்பதே நல்ல குடிமக்களுக்கு அழகு.