கைகாட்டி மரத்தில் கூடு கட்டிய செங்காலி

மனிதர் பேச்சு பறவைக்கும் பறவை பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், எல்லாப் புறாக்களும் மரத்தில்தான் குடியிருந்தன. கரம்பையூருக்கு ரயில் வரப்போகிறது என்று ஊருக்கு வெளியே நின்ற புளியமரங்களை வெட்டினார்கள். செங்காலி என்ற புறாவின் வீடும் அதோடு போயிற்று. அவளுக்கோ முட்டையிடும் நேரம்.

வெட்டிய இடத்தில் ரயில் நிலையம் எழும்பியது. கருங்கல் சுவர், வளைவு வளைவாக வாசல், சிவப்பு ஓட்டுக் கூரை, கூரை விளிம்பில் பல் பல்லாக வெட்டிய பலகை. செங்காலிக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. இத்தனை பெரிய வாசலுக்கு ஒரு கதவு இல்லை. உள்ளே அடுப்படி இல்லை. குடியிருக்காத வீட்டை யாராவது இவ்வளவு பாடுபட்டுக் கட்டுவார்களா? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

தண்டவாளத்தை ஒட்டி ஒரு நெட்டைக் கம்பமும் நட்டார்கள். அது ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் அதைக் ‘கைகாட்டி மரம்’ என்றார்கள். மரம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், அந்தக் கையின் மேல் நாலு சுள்ளியைப் போட்டு இரண்டு முட்டை இட்டுவிட்டாள். ஊரையே சந்தேகப்படுகிறவள் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பித் தொலைத்தாள்.

சாயங்காலம் கைகாட்டி விளக்கை ஏற்ற ஏணியில் ஏறிய ஸ்டேஷன் வேலையாள் கொம்பையா திடுக்கிட்டார்.

“தாயி, இது மரமில்ல. நாளைக்கு மொத வண்டி வருது. வண்டி வந்தா இந்தக் கை கீழ எறங்கும். முட்டை நிக்காது.”

“மரமில்லன்னா ஏன் அண்ணாச்சி மரம்னு சொல்லுதீய?”

கொம்பையா தலையைச் சொறிந்தார். “அது சும்மா பேருக்குச் சொல்லுதது. ஸ்டேஷன் வளைவுக்கு மேல மாடம் இருக்கு. மழை அண்டாது. நானே அலுங்காம எடுத்துட்டுப் போயி வச்சுத் தாரேன்.”

முட்டையை எடுக்கிறேன் என்று வேறு சொல்கிறானே! மாடத்துக்குள் போனதும் அதன் வாயை அடைத்துவிட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றத்தான் இந்த நயமான பேச்சு. செங்காலி சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டாள். நீட்டிய கையை ரத்தம் வரக் கொத்தினாள். அவர் விளக்கை ஏற்றிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் தூரத்தில் வண்டி ஊதியது. ஸ்டேஷனில் நெம்புகோலை இழுத்தார்கள். கம்பி இறுகி, கைகாட்டியின் கை பொசுக்கென்று சரிந்தது. ஒரு முட்டை ஜல்லியில் விழுந்து உடைந்தது. இன்னொன்று, கீழே நின்ற கொம்பையா ஏந்திப் பிடித்த துண்டில் விழுந்தது.

அவர் அதை மாடத்தில் கொண்டுபோய் வைத்தார். பின்னாலேயே பறந்துவந்த செங்காலி அழுதாள். “நேத்தே என்னை அடிச்சு வெரட்டிட்டாவது எடுத்திருக்கலாமே, அண்ணாச்சி.”

“உன்னைய அடிச்சிருந்தா, நீ நெனச்சது சரின்னு ஆயிருக்குமே தாயி.”

செங்காலி மிஞ்சிய முட்டையின் மேல் உட்கார்ந்து, அந்த மனிதரை முதலில் ஒரு கண்ணால் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தாள்.

அன்று முதல்தான் செங்காலியின் குலத்தார் மரத்தை விட்டு, கல் கட்டடங்களில் குடியேறி மாடப்புறா என்று பேர் எடுத்தார்கள். தானியம் போடுகிற கையைக்கூட இந்தக் கண்ணால் ஒரு தரம், அந்தக் கண்ணால் ஒரு தரம் பார்க்காமல் அவர்கள் கிட்டே வராததும் அன்று முதல்தான்.