மருதவாணர் திருப்பி வைக்கத் துணியாத படம்

திருவேலங்குடியில் அருந்துணை நாயகி கோயிலுக்கு எதிர்ச் சந்தில், படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுப் பிழைத்து வந்தார் மருதவாணர். கல்யாணப் படமோ, காலமானவர் படமோ, காலண்டரில் கத்தரித்த முருகனோ, எல்லாவற்றுக்கும் ஒரே பக்குவம்தான். மரத்தை ஒரு மாதம் வெயிலில் காய வைப்பார். பின்பலகையை முகர்ந்து பார்த்து, பூச்சி வாடை அடித்தால் அடுப்புக்கு அனுப்பிவிடுவார். படம் கண்ணாடியைத் தொடாதபடி இரண்டுக்கும் நடுவே நான்கு ஓரமும் மெல்லிய மூங்கில் குச்சி வைப்பார். பின்பக்கம் ஆணி அடிப்பதற்கு முன் கை கூப்பி, "தாயே" என்று ஒரு முறை சொல்வார். வாடிக்கையாளர்கள் அவசரப்பட்டாலும் அந்த ஒரு சொல்லை அவர் விட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஆசை வந்தது. அதை மூடி மறைத்து அவரைப் புகழ நமக்கு மனமில்லை.

அதே ஊரில் அபரஞ்சி அம்மாள் என்று ஓவியம் தீட்டும் பெண்மணி ஒருவர் இருந்தார். துணியைப் பலகையில் ஒட்டி, பிசின் கலந்த வண்ணங்களால் நாயகியை இரண்டு வருடம் எழுதிக் கோயில் மண்டபத்துக்குக் கொடுத்தார். அதற்குச் சட்டம் போடும் பேறு மருதவாணருக்குக் கிடைத்தது. அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று வேம்பு, கண்ணாடியும் பலகையும் உட்காரும் பள்ளமான காடி ஆழமானது, ஆனால் வேலைப்பாடில்லாத வெறும் மரம். மற்றொன்று பூவேலை செதுக்கிய தேக்கு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அதன் காடி ஆழமில்லாதது. மூங்கில் குச்சி வைத்தால் பின்பலகை உட்காராது. மண்டபத்துக்கு வருகிறவர்கள் "இந்தச் சட்டம் யார் செய்தது?" என்று கேட்கும் குரல் மருதவாணர் காதில் அப்போதே கேட்டது. குச்சியை விட்டுவிட்டுத் தேக்கைப் போட்டார். ஊரும் கேட்டது. அவரும் பூரித்தார்.

ஐப்பசி அடைமழையில் நாயகியின் முகத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தது. படத்தை இறக்கி, பாயில் குப்புறக் கிடத்தி, எல்லோரும் பார்க்க மருதவாணரே பின்பலகையைக் கழற்றினார். ஓவியத்தைத் தூக்கினார். உடம்பு இருந்தது, ஆபரணம் இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் துணி.

"பிசினைக் கண்டபடி கலந்திருக்கு இந்த அம்மா! இவங்ககிட்ட குடுக்காதீங்கன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று தர்மகர்த்தா கலியபெருமாள் கத்தினார். கூட்டம் முழுவதும் அபரஞ்சி அம்மாளைப் பார்த்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணாடி தொட்டதால்தான் வண்ணம் அதில் ஒட்டிக்கொண்டது என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் வாய் திறக்கவில்லை. கண்ணாடியும் சட்டமுமாக அப்படியே குப்புற வாரி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் காலை "தாயே" என்று சொல்லப் போனார். நாக்கு எழவில்லை. கடை திறக்கவில்லை, கோயில் பக்கம் தலை வைக்கவில்லை. அபரஞ்சி அம்மாள் தூரிகைகளையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார் என்று மருதவாணர் காதில் விழுந்தது. கூசினார், குறுகினார். திண்ணிய பக்தியென்று ஊர் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்து அவரைக் குத்தியது.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. உச்சிகாலப் பூசைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. அபரஞ்சி அம்மாளும் ஓரமாக நின்றிருந்தார். மருதவாணர் துண்டு மூடிய சட்டத்தோடு மண்டபத்துக்கு வந்தார்.

"பிசின்ல குத்தமில்ல. குத்தம் எம்மேல. நடுவுல குச்சி வைக்க எடமில்லாத சட்டம்னு தெரிஞ்சே, பேருக்கு ஆசப்பட்டுப் போட்டேன். அன்னிக்கு இந்தம்மாவ ஏசினப்போ வாயத் தொறக்காம நின்னேன் பாருங்க, அது இன்னும் பெரிய பாவம்."

"சட்டம் போடச் சொன்னா சாமி மொகத்தையே உரிச்சுட்டியேய்யா! இதுல உனக்குப் பக்திமான்னு பேரு வேற" என்றார் கலியபெருமாள். சிலர் சிரித்தார்கள். மருதவாணர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அபரஞ்சி அம்மாள் முன்னே விழுந்தார்.

அந்த அம்மாள், "எந்திரிங்க. மொதல்ல அவளத் திருப்புங்க. நாலு நாளாக் குப்புறக் கெடக்குறா" என்றார்.

"அவ மொகத்தப் பாக்க எனக்கு யோக்கியதை இல்லம்மா."

அபரஞ்சி அம்மாளே துண்டை விலக்கிச் சட்டத்தை நிமிர்த்தினார். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் நாயகியின் முகம் ஒரு கீறலும் இல்லாமல் முழுமையாக இருந்தது. மூக்குத்தி, கண், இதழோரச் சிரிப்பு, எதுவும் குறையவில்லை. சுற்றிலும் தெளிந்த கண்ணாடி. அதன் வழியே சன்னதி விளக்குகள் தெரிந்தன.

கற்பூரத் தட்டோடு வெளியே வந்த சிவாச்சாரியார் அப்படியே நின்றார். யாரும் சொல்லாமலே அந்த முகத்துக்கு ஆரத்தி காட்டினார். குங்குமம் கொடுக்கத் திரும்பியபோது மருதவாணர் கை நீட்டவில்லை. தலை குனிந்தே நின்றார்.

"நிமிரும். தங்கத்தையும் பட்டையும் துணியிலேயே விட்டுட்டு, மொகத்த மட்டும் எடுத்துண்டு உம்மோட வந்திருக்கா. நீர்தான் பாக்க மாட்டேங்கறீர்" என்று சொல்லி, தாமே குங்குமத்தை அவர் நெற்றியில் இட்டார்.

மருதவாணர் நிமிர்ந்து பார்த்தார். "தாயே" என்றார். அழுதார்.

பிழை செய்யாத அடியார்கள் பலர் இருக்கலாம். செய்த பிழைக்கு ஊர் நடுவே வெட்கப்படத் தெரிந்த இந்த அடியாருக்கு நம் வணக்கம்.