முன்தண்டுக்காரர் கழுத்து

“கழுத்தை ஒருத்தங்க கையில குடுக்கணுமாம் சாமி. நான் மாட்டேன்.”

இப்படிச் சொன்னவர் பூதலிங்கம். வயது ஐம்பத்தெட்டு. முருகன் பல்லக்கின் முன்தண்டை இருபத்தேழு வருடமாக வலது தோளில் தாங்கியவர்.

கேட்டுக்கொண்டிருந்த மடத்துச் சாமிக்கு வயது முப்பத்தாறுதான். குரு, சீடனை “அண்ணாச்சி” என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன அண்ணாச்சி, கழுத்துக்கு?”

“வலப்பக்கம் திரும்ப மாட்டேங்கு.”

அது ஊருக்கே தெரிந்த கதை. போன திருவிழாவில் வலப்பக்கத்துத் தெருமுனையைப் பூதலிங்கம் பார்க்கவில்லை. பல்லக்கு ஒரு மாடிப்படியில் போய் உரசியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முருகனுக்கு மேலே பிடித்திருந்த குடை மட்டும் கிழிந்தது.

பிறகு அவரே ஒரு வைத்தியம் செய்துகொண்டார். வலது தோளில் சுமந்து கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. இடது தோளில் சுமந்தால் நேராகிவிடும் அல்லவா? நாற்பது நாள் இடது தோளில் அரிசி மூட்டை தூக்கினார்.

இப்போது எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

“விசாகத்துக்கு ஒன்றரை மாசம் இருக்கு. கழுத்து சரியாகலன்னா முன்தண்டு உமக்கு இல்லன்னு கோயில்ல சொல்லிட்டாங்க” என்றார். அந்தத் தண்டு இல்லாமல் அவருக்குத் திருவிழாவே இல்லை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“படம் எடுத்துப் பாத்தாரு. எலும்பு நல்லா இருக்காம். டவுனுல ஜெசிந்தான்னு, கையாலயே மூட்டைத் திருப்பிச் சரியாக்குற கைரோபிராக்டர் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம், போவச் சொன்னாரு. மச்சான் போன்ல அந்த வைத்தியத்தைக் காட்டினான் சாமி. ஒரு ஆளு தலையைப் பிடிச்சு ஒரு திருப்பு. முறுக்கு உடைச்ச மாதிரி சத்தம்! அன்னைலேருந்து எனக்கு உறக்கம் இல்ல.”

சாமி எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“எங்க சாமி கிளம்பிட்டீங்க?”

“அந்த டாக்டரம்மாகிட்டதான். வாரும்.”

*

டாக்டர் ஜெசிந்தாவின் அறை சின்னது. நடுவில் ஒரு நீளக் கட்டில், தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை. பூதலிங்கம் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

சாமி நேராகப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

பூதலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டருக்கும்தான்.

“அண்ணாச்சி, என் கையைப் பிடிச்சுக்கிடும்” என்றார் சாமி.

பிடித்தார். சாமியின் கை வேர்வையில் நனைந்திருந்தது.

“டாக்டரம்மாட்டக் கேளும், அந்தச் சத்தம் என்னதுன்னு.”

“நீங்களே கேக்கலாமே சாமி?”

“எனக்குக் கூச்சமா இருக்கு.”

குருவுக்காகச் சீடன் கேட்டார்.

“எலும்பு உடையுற சத்தம் இல்ல ஐயா” என்றார் டாக்டர். “மூட்டுக்குள்ள நீர் இருக்கும். அதுல சின்னதா ஒரு காத்துக் குமிழி உண்டாகும். அந்தச் சத்தம்தான். சில பேருக்கு வராது. வரலன்னாலும் ஒண்ணுமில்ல.”

“வலிக்குமான்னு கேளும்.”

“வலிக்குமாம்மா?”

“ரெண்டு நாளு பிடிச்ச மாதிரி இருக்கலாம். அதனாலதான் முதல்ல நான் கேள்வி கேப்பேன். தலை சுத்துதா, கை மரத்துப்போகுதா, எங்கயாவது விழுந்தீங்களான்னு. ஏதாவது சரியில்லன்னா கழுத்தைத் திருப்பவே மாட்டேன்.”

“பாதியில வேண்டாம்னா விட்டுருவாங்களான்னு...”

“இருங்க சாமி” என்றார் பூதலிங்கம். “நானே கேக்கேன்.”

பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. எவ்வளவு தூரம் திருப்புவீங்க? திருப்பாமலே செய்ய வழி உண்டா? அரிசி மூட்டை தூக்கினது தப்பா? கடைசிக் கேள்விக்கு மட்டும் டாக்டர் சிரித்து முடித்த பிறகுதான் பதில் சொல்ல முடிந்தது.

“பயப்படாதீங்க சாமி” என்று பூதலிங்கம் குருவின் கையைத் தட்டிக் கொடுத்தார். “மூச்சை மெதுவா விடுங்க. நான் இங்கதானே நிக்கேன்.”

டாக்டர் கட்டிலருகே வந்தார். “சாமி, உங்களுக்கு எங்க வலிக்குது?”

“எனக்கா?” சாமி எழுந்து உட்கார்ந்தார். “எனக்கு ஒண்ணுமில்லையேம்மா.”



“சரியான ஆளு சாமி நீங்க” என்றார் பூதலிங்கம். தன் பயத்தைப் போக்க ஆடிய நாடகம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே படுத்தார்.

டாக்டர் தன் கேள்விகளைக் கேட்டார். விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நெடுநேரம் தசையைத் தளர்த்தினார். பிறகு இரண்டு கையாலும் தலையை ஏந்திக்கொண்டார்.

“இப்பத் திருப்பப் போறேன். சரியா?”

“நிறுத்துங்க!”

டாக்டர் அந்த நொடியே கையை எடுத்துவிட்டார். “என்ன ஐயா, வலிக்குதா?”

“இல்லம்மா. சொன்னா நிறுத்துதீங்களான்னு பாத்தேன்.” பூதலிங்கம் கண்ணை மூடினார். “இப்பச் செய்யுங்க.”

சடக்.

“இவ்வளவுதானா?”

“இன்னைக்கு இவ்வளவுதான். இன்னும் நாலஞ்சு தடவை வரணும். நான் சொல்ற வரைக்கும் தோள்ல தண்டும் கூடாது, மூட்டையும் கூடாது. மெதுவா எழுந்து வலப்பக்கம் பாருங்க.”

பூதலிங்கம் எழுந்து உட்கார்ந்து வலப்பக்கம் திரும்பினார். முழுசாக இல்லை, பாதிதான். அந்தப் பாதியில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சாமி நின்றிருந்தார்.

முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

“சாமி... உங்களுக்கு நெசமாவே பயமா?”

“பின்னே, நடிச்சேன்னா நினைச்சீரு?” என்றார் சாமி. “வாரும் அண்ணாச்சி, சீக்கிரம் வெளிய போயிருவோம்.”