வேருக்குப் பஞ்சாரம்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே. மலையில் இடம் போதாமல் மேகமெல்லாம் தெருவுக்கு இறங்கி வந்து படுத்துத் தூங்கிய காலம் ஒன்று இருந்தது. விடியலில் அந்த வெள்ளை விலகும்வரை கோழி பேசுவது மனிதருக்குப் புரியும், மனிதர் பேசுவது கோழிக்குப் புரியும். வெயில் பட்டதும் அது வேறு பாஷை, இது வேறு பாஷை.

அந்த மலையடிவாரத்தில் காராயி என்றொரு முட்டைக்காரி இருந்தாள். கக்கத்தில் ஒரே ஒரு பெட்டையை இடுக்கிக்கொண்டு, யாருமில்லாதவளாக ஊருக்குள் நுழைந்தவள். இப்போது அவள் கொல்லையில் ஒன்பது கோழிகள். சந்தையில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. ஒரு படி உப்பு தருகிறேன் என்றால் இரண்டு படி கேட்பாள். இரண்டு படி அளந்தால், "மேலே ஒரு பிடி போட உனக்குக் கை வலிக்குதா?" என்பாள். கோபம் வந்துவிட்டால் கையில் இருப்பது எதுவோ அது பறக்கும்.

அந்த வருஷக் கோடையில் ஊர்ப் புல்லெல்லாம் கருகிப்போனது. கோழிகளுக்குத் தவிடும் நொய்யும்தான். முட்டை குறைந்தது. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கரு மஞ்சளாகவே இல்லை, நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

ஒரு விடியலில், மேகத்துக்குள் மார்பளவு முங்கி நின்றபடி, கோழிகளில் மூத்தவளான கொண்டைச்சி பேசினாள்.

"ஆத்தா, ஓடைக்கரைக் காட்டுச்சேவல் எங்களைக் கூப்பிடுது. அங்கே பச்சை இருக்காம். நாங்க போறோம்."

"போவீங்களாடி! ஒவ்வொருத்தி கழுத்தையும் திருகிப்புடுவேன்."

"திருகினா முட்டையை நீ போடுவியா?"

மற்ற எட்டும் சிரித்தன. காராயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோழி போனால் அவளுக்கு அடுப்பு இல்லை, ஊரில் ஒரு பேரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேரத்தில் இறங்கினாள்.

"கொல்லையிலேயே பச்சை வளர்த்துத் தர்றேன். மூணு பௌர்ணமி பொறு."

"ஒண்ணு."

"மூணு. பயிர் என்ன உன் முட்டையா, உட்கார்ந்து எழுந்தா வந்துடறதுக்கு?"

"சரி, மூணு. மூணாவது பௌர்ணமி விடியல்ல மேயப் பச்சை இல்லேன்னா நாங்க காட்டுக்கு."

காராயி கொல்லையைக் கொத்தினாள். கிணற்று நீர் சுமந்தாள். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினாள். கோழிகள் வந்தன, கிளறின, உச்சி வெயிலுக்குள் ஒரு விதை மிச்சமில்லை.

மறுபடி விதைத்தாள். சுற்றிலும் முள் வேலி போட்டாள். கீரை ஒரு சாண் வளர்ந்து, விடியலில் பனி ஏந்தி, பச்சை மேகம் ஒன்று தரையில் படுத்த மாதிரி நின்றது. பெருமையோடு வேலியின் தட்டிக்கதவான படலைத் திறந்துவிட்டாள். ஒரே காலையில் இலை போனது, தண்டு போனது, கிளறிக் கிளறி வேரும் போனது.

"அடியே சிறுக்கிகளா, நுனியைத் தின்னா பத்தாதா?" என்று மறுநாள் விடியலில் கத்தினாள்.

கொண்டைச்சி தலையைக் குனிந்தாள். "வாய் உன் பேச்சைக் கேட்குது ஆத்தா. கால் கேட்க மாட்டேங்குது."

மூன்றாம் முறை விதைத்தாள். கோழிகளை மூன்று பஞ்சாரங்களில், அதாவது மூங்கில் சிம்பு முடைந்து கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடைகளில், அடைத்தாள். கீரையை அறுத்துக் கொண்டுவந்து போட்டாள். வெயிலில் அது வாடிச் சுருண்டது. கோழிகள் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பிக்கொண்டன.

"செத்த இலை," என்றாள் கொண்டைச்சி மறுநாள். "காட்டிலே உசுரோட தின்னலாமாம்."

காராயிக்கு வந்த கோபத்தில் ஒரு பஞ்சாரத்தைத் தூக்கினாள். காலால் ஒரு மிதி. அது நசுங்கி ஒரே தட்டையாயிற்று. சுழற்றி எறிந்தாள். அறுத்த கீரைப் பாத்தியில், வரப்புக் கற்களின் மேல் அது போய் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று கோழிகள் இஷ்டத்துக்குத் திரிந்தன.

பத்து நாள் கழிந்தது. ஒரு விடியலில், நசுங்கிய பஞ்சாரத்தின் பின்னல் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கீரைத் துளிர் தலை நீட்டியிருந்தது. சாம்பல் நிறக் கோழி ஒன்று அதன்மேல் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது. காலால் கிளறியது. நகம் மூங்கிலில் பட்டு வீணை நரம்பு மாதிரி 'டொய்ங்' என்றது. மண் அசையவில்லை. மறுநாள் கொத்திய இடத்தில் மறுபடி துளிர்.

காராயி குந்தி உட்கார்ந்து மூங்கிலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள், வேர் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து, நல்லதாய் இருந்த இரண்டாவது பஞ்சாரத்தையும் மிதித்து நசுக்கிப் பாத்தியின்மேல் பரப்பினாள். கூடை முடையும் வேடியப்பன் அந்தப் பக்கமாக வந்தான்.

"என்னக்கா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? பஞ்சாரத்தை உடைச்சுட்டுக் கோழியை எதிலே மூடுவே?"

"கோழியை மூடலைடா. வேரை மூடுறேன்."

"வேர் ஓடியா போகப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் பௌர்ணமி வந்தது. விடியல், மேகம், நிலா இன்னும் மேற்கே கரையாத நேரம். வேலிமேல் காட்டுச்சேவல் வந்து உட்கார்ந்தது. அதன் வால் நெருப்பு மாதிரி வெள்ளைக்குள் ஆடியது.

காராயி மூன்றாவது பஞ்சாரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்தால் நன்றாக முட்டையிடுகிற மூன்று கோழிகளாவது மிஞ்சும். ஒன்பதுக்கு மூன்று. மோசமான பேரமில்லை.

சேவல் முதல் தடவை கூவியது. ஒன்பது தலைகள் நிமிர்ந்தன.

இரண்டாம் தடவை கூவியது. கோழிகள் கொல்லைப் படலை நோக்கி நடந்தன. வழியில் பாத்தியின் கடைசி மூலை, மூங்கில் எட்டாத மூலை, இளங்கீரையோடு திறந்து கிடந்தது. பழக்க தோஷம், கால்கள் கிளற ஆரம்பித்தன.

காராயி பஞ்சாரத்தை முன்னால் எடுத்தாள். கவிழ்த்தால் கோழி. மிதித்தால் கீரை. இரண்டுக்கும் இருப்பது ஒரே பஞ்சாரம்.

அவள் அதைக் கீழே வைத்து மிதித்தாள். "நகருங்கடி!" என்று அதட்டிவிட்டு, அந்த மூலையில் கீரை நசுங்காதபடி அடியில் கல் அண்டக் கொடுத்துப் பரப்பினாள். கொல்லைப் படலையும் திறந்துவிட்டாள். "போறவங்க போங்க," என்றாள்.

சேவல் மூன்றாம் தடவை கூவியது.

கொண்டைச்சி வெளியே எட்டிப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். "சேவலய்யா, உங்க ஓடையிலே நாளைக்கும் பச்சை இருக்குமா?"

"தின்னு தீர்ந்துட்டா அடுத்த ஓடை," என்றது சேவல்.

"அப்போ நீங்க இங்கே வாங்க. இங்கே நாளைக்கும் இருக்கும்."

ஒன்பதும் பாத்திக்குத் திரும்பி மூங்கில்மேல் ஏறின. காட்டுச்சேவல் யோசித்தது. பிறகு ஒரே தாவலில் உள்ளே வந்து, வெட்கமில்லாமல் கொத்த ஆரம்பித்தது.

காராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள். "ஏய், ஓசிச் சோறு இங்கே கிடையாது. தினம் விடியல்ல வந்து என்னை எழுப்பணும், சம்மதமா?"

சேவலுக்கு வாய் நிறைய கீரை. தலையை மட்டும் ஆட்டியது.

ஆகவே கேட்டவர்களே, நம்மோடு ஒருவர் தங்க வேண்டுமானால் அவரைப் பூட்டி வைப்பதை விட்டுவிட்டு, அவருடைய நாளைய உணவின் வேரைக் காத்துக் கொடுக்க வேண்டும்.