ஓடையில் போன தவிடு

ஜப்பானில் ஒரு மலைச்சரிவில் கெய்ஜுன் என்ற பெண் துறவியின் மடம் இருந்தது. போதையிலிருந்து மீள நினைக்கும் பெண்களை அவர் அங்கே சேர்த்துக்கொள்வார். அப்போது இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சமையலைப் பார்த்துக்கொண்ட தோமோயே. மற்றவள் அவளுக்குப் பின்னால் வந்த இளம்பெண் மிஹாரு.

மிஹாரு அம்மாவிடம் அடிபட்டு வளர்ந்தவள். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே மாத்திரைகளுக்குப் பழகிவிட்டாள். மடத்துக்கு வந்த பிறகு அவற்றைத் தொடவில்லை.

கெய்ஜுன் அவளிடம் ஒரே ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தார். சமையலறை மூலையில் இருந்த தவிட்டு ஜாடி. உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்த அரிசித் தவிடு அதில் புளித்துக் கிடக்கும். முள்ளங்கியை உள்ளே புதைத்து வைத்தால் மறுநாள் ஊறுகாய். தினமும் முழங்கை வரை கைவிட்டு, அடித்தவிட்டை மேலே புரட்ட வேண்டும்; விட்டுவிட்டால் கெட ஆரம்பிக்கும். கெய்ஜுனின் குரு தொடங்கிவைத்த ஜாடி அது; பழைய தவிட்டைக் கொட்டாமல், குறையக் குறையப் புதிதைச் சேர்த்தே இத்தனை வருடமும் காத்து வந்தார்கள். யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவர் கை மட்டும்தான் அதில் இறங்கலாம் என்பது அந்த மடத்து வழக்கம்.

கோடையில், மிஹாருவின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. பார்த்துவிட்டு மாலையே வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். வரவில்லை.

சில நாட்கள் போயின.

"தாயே, ஜாடி நாறுகிறது," என்றாள் தோமோயே. "நான் கிளறட்டுமா?"

"அவள் வருவாள்."

"வராவிட்டால்?"

"அவள் வேலையை நாம் எடுத்துக்கொண்டால், திரும்பி வருகிறவளுக்கு இங்கே என்ன இருக்கும்?"

"நாற்றம் இருக்கும்," என்றாள் தோமோயே.

மிஹாரு திரும்பி வந்த காலையில் கெய்ஜுன் மடத்தில் இல்லை. அடிவாரத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். மிஹாருவின் உதடு வெடித்திருந்தது.

"வா மகாராணி. பல்லக்கை எங்கே விட்டாய்?" என்றாள் தோமோயே.

"குரு இருக்கிறாரா அக்கா?"

"மதியம் வருவார். சாப்பிட்டாயா?"

"பசிக்கவில்லை."

"பசி முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கஞ்சி வைக்கிறேன். முதலில் போய் உன் ஜாடியைப் பார்."

மிஹாரு மூடியைத் திறந்தாள். மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. மூடியைக் கீழே போட்டாள். பிறகு ஜாடியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கத்து ஓடைக்குப் போனாள். மழை பெய்து தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டினாள். ஜாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். உள்ளே போய்த் துணிமணிகளை மூட்டையாகக் கட்டினாள்.

கஞ்சியோடு வந்த தோமோயே கவிழ்ந்து கிடந்த ஜாடியைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

மதியம் கெய்ஜுன் வந்தார். மிஹாரு வாசலிலேயே அவரை வணங்கினாள்.

"விடைபெற்றுப் போகத்தான் காத்திருந்தேன், தாயே."

"அம்மா எப்படி இருக்கிறாள்?"

"பிழைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும், 'நீ இன்னும் சாகவில்லையா?' என்றாள். ரயில் நிலையத்தில், முன்பு எனக்கு மாத்திரை கொடுத்த ஆள் ஒருவன் நின்றிருந்தான். அதற்கு மேல் கேட்காதீர்கள்."

"கேட்கவில்லை."

"இங்கே இருந்த இத்தனை மாதமும் வீண். என்னிடம் இனி உருப்படியாக ஒன்றுமில்லை. ஜாடியையும் கெடுத்துவிட்டேன். அதையாவது சுத்தம் செய்துவிட்டுப் போகலாம் என்று…"

"தவிடு எங்கே?"

"ஓடையில் கொட்டிவிட்டேன். முழுக்க அழுகிவிட்டது."

"முழுக்கவா?"

"பூஞ்சை பிடித்திருந்தது, தாயே."

"எவ்வளவு ஆழம்?"

மிஹாரு மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"கை விட்டுப் பார்த்தாயா?"

"இல்லை."

"ஏன்?"

"எங்கள் வீட்டில் ஒரு கிண்ணத்தில் ஈ விழுந்தால், அம்மா பானையோடு கொட்டிவிடுவாள். கொட்டிவிட்டு என்னை அடிப்பாள். எனக்கு அதுதான் தெரியும்."

கெய்ஜுன் ஓடைக்கு நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். தண்ணீர் தெளிவாக ஓடியது. தவிட்டின் சுவடே இல்லை. இரண்டு கற்களுக்கு நடுவில் மட்டும் ஒரு முள்ளங்கி சிக்கியிருந்தது. ஜாடியின் அடியில் புதைத்து வைத்தது. கெய்ஜுன் குனிந்து அதை எடுத்துக் கழுவினார். மூன்றாக ஒடித்தார்.

மிஹாரு தன் துண்டை வாயில் போட்டாள். மிகவும் புளித்திருந்தது. கெட்டுப்போகவில்லை. மென்றுகொண்டே இருந்தாள்.

"மேலே இரண்டு விரற்கடை வழித்துப் போட்டிருந்தால் போதுமே, பெண்ணே," என்றாள் தோமோயே. அவள் குரலில் கேலி இல்லை.

"புதுத் தவிடு பிசையட்டுமா, தாயே?" என்றாள் மிஹாரு.

"பிசையலாம். அது வேறு ஜாடி."

"உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா?"

"மிகவும். என் குரு கைவிட்டுக் கிளறிய தவிடு அது." கெய்ஜுன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு நாளாவது நான் கிளறியிருக்கலாம். தோமோயே கேட்டாள். வழக்கம், வழக்கம் என்று இருந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் வருத்தம்."

மூவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. மிஹாரு அதைத் தொடாமல் மூட்டையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இவ்வளவையும் செய்துவிட்டு எந்த முகத்தோடு இங்கே இருப்பேன்? நான் போய்விடுகிறேன், தாயே. தடுக்காதீர்கள்."

"தடுக்கவில்லை. ஒன்று கேட்கிறேன்."

"கேளுங்கள்."

"அடிவரை பார்க்காமல் ஒன்றைக் கொட்டியாயிற்று. இன்றைக்கு அது போதாதா?"