வாய்க்கால் இல்லாத சுண்டைக்காய்

அந்தக் காலத்தில், ஆடு மாடு மட்டுமா பேசிற்று, அவற்றின் உடம்புக்குள் இருந்த சுரப்பிகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. உடம்பைப் படைத்தவள் ஒருநாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுரப்பிகளுக்கெல்லாம் வாய்க்கால் வெட்டிக் கொடுக்க வந்தாள். கண்ணீர்ச் சுரப்பிக்குக் கண்வரை ஒன்று, எச்சில் சுரப்பிக்கு வாய்வரை ஒன்று, வியர்வைக்குத் தோல்வரை ஆயிரம்.

மூளைக்கு அடியில் சுரப்பிப் பொடியன் ஒருவன் இருந்தான். சுண்டைக்காய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "அவங்களுக்கு முதல்ல வெட்டுங்கம்மா, நான் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டான். நல்ல பிள்ளைதான், ஆனால் இப்படியா? அவன் முறை வந்தபோது மண்வெட்டி தேய்ந்து காம்புதான் மிஞ்சியிருந்தது. அவளும் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில், சுண்டைக்காய் குடியிருந்த மயிலை என்ற பசு தலைச்சன் கன்றை ஈன்றது. மடி நிறையப் பால். ஆனால் ஒரு சொட்டு இறங்கவில்லை. கன்று சப்பிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது, கால் நடுங்கி விழுந்தது. "எந்திரி கண்ணு, இன்னொரு தடவை பாரு" என்று மயிலை அதை நக்கி நக்கி எழுப்பியது. உச்சிப்பொழுதில் கன்றுக்குத் தலையைத் தூக்கவும் தெம்பில்லை.

அது முட்டிய ஒவ்வொரு முட்டும் நரம்பு வழியே சுண்டைக்காய்க்குக் கேட்டது. மடியை இளக்கிவிடும் சாறு அவனிடம்தான் இருந்தது, அதுவும் ஒரே ஒரு துளி. கொண்டுபோக வழியில்லை. பாவம், துடித்துப்போனான்.

"அண்ணே, உங்க வாய்க்காலைக் கொஞ்சம் விடுங்களேன்" என்று கண்ணீர்ச் சுரப்பியிடம் கெஞ்சினான்.

"என் வாய்க்கால் கண்ணோட முடியுது தம்பி. வேணும்னா உனக்காக அழறேன்" என்றது அது. சொன்னபடி அழவும் செய்தது.

அப்போது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம், "எங்கிட்டக் கொடுடா. ஆனா நான் மடிக்கு மட்டும் போறவ இல்ல. காது, குளம்பு, வாலுன்னு ஊரெல்லாம் சுத்துவேன். உன் சாறு மடிக்குத்தான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"புள்ளை பசி மடிக்குத் தெரியும்க்கா. அது வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரே துளியையும் சுண்டைக்காய் ரத்தத்தில் ஊற்றினான்.

துளி காதுக்குப் போனது. "எனக்கில்லை" என்றது காது. குளம்பும் தள்ளிவிட்டது. மடியருகே வந்ததும், "இங்கே, இங்கே" என்று மடி அதை இழுத்துக்கொண்டது. இறுகியிருந்த மடி இளகிற்று. மயிலை கன்றின் வாயருகே காம்பைக் கொண்டுபோய் நின்றது. முதல் சொட்டு நாக்கில் விழுந்ததும் கன்று கண்ணைத் திறந்தது. பிறகு கடைவாயில் நுரை தள்ளக் குடித்தது. சுண்டைக்காய் விம்மி விம்மி அழுதான். "இனி அந்தப் புள்ளை எப்போ முட்டிக் கூப்பிட்டாலும் புதுசா சுரந்து கொடுப்பேன்க்கா" என்றான்.

அன்று தொடங்கித்தான் சுண்டைக்காய்க்கும் அவனைப்போல் வாய்க்கால் கிடைக்காத கூட்டத்துக்கும் நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர். தங்கள் சாற்றை ரத்தத்தை நம்பியே விடுகிறார்கள். பால் கறக்க வருகிறவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், இன்றைக்கும் முதலில் கன்றை அவிழ்த்துவிட்டுத்தான் பாத்திரத்தைக் கையில் எடுக்கிறார்.